அடிபட்டவருக்கு இழப்பீடு: குற்ற வழக்கிலேயே கேட்டு வாங்க முடியுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் உங்கள் தம்பிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்து ஆபரேஷன், செலவு 1,85,000 ரூபாய். கொத்தனார் என்பதால் ஐந்து மாதம் வேலைக்கும் போக முடியவில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் இருக்கிறது, சாட்சி விசாரணை இன்னும் ஆரம்பிக்கவில்லை. "கிரிமினல் கோர்ட்டில் ஜெயில்தான், காசு வேண்டுமென்றால் சிவிலில் போடு" என்று உங்களுக்குத் தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். இந்த வழக்கிலேயே நஷ்டஈட்டுக்கு மனு போடலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் அதற்கு அடியில் இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: அடி வாங்கியவனே செலவையும் சுமக்க வேண்டுமா, அதற்காக இரண்டு நீதிமன்றம் ஏற வேண்டுமா என்பது.

பல ஆண்டுகளாக மாவட்டக் குற்றவியல் நீதிமன்றங்களில் இரண்டு தரப்புக்கும் வழக்கு நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் நேரடியாகச் சொல்கிறேன். அந்த வக்கீல் சொன்னது பாதி சரி. நம் குற்றவியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டை ஒரு கடன் பாக்கியைப் போல உரிமையாகக் கோர முடியாது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் பாதிக்கப்பட்டவர் குற்ற வழக்கிலேயே தன் சிவில் கோரிக்கையை வைத்துத் தீர்ப்பு வாங்க வழி இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஏற்பாடு இல்லை. ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பானால், அவர் உங்கள் தம்பிக்குப் பணம் தர வேண்டும் என்று உத்தரவு போட நடுவருக்கு முழு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 357-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 395-வது பிரிவு. உங்கள் சம்பவம் அந்தத் தேதிக்குப் பிந்தையது என்பதால் புதிய எண்களையே சொல்கிறேன்.

இது புது அதிகாரமும் இல்லை. 1988-லேயே ஹரி சிங் எதிர் சுக்பீர் சிங் வழக்கில், அடிபட்டுப் பேச்சுத் திறன் நிரந்தரமாகக் குறைந்துபோன ஒருவருக்கான இழப்பீட்டை 50,000 ரூபாயாக உயர்த்திய உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவைக் கீழ் நீதிமன்றங்கள் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. அப்புறமும் நிலைமை பெரிதாக மாறாததால், 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் ஒரு படி மேலே போனது. இழப்பீடு கொடுப்பதும் கொடுக்காததும் நீதிபதியின் முடிவு, ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் அதைப் பற்றி மனம் செலுத்தி யோசித்தாக வேண்டும், ஏன் கொடுத்தோம் அல்லது ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும் என்றது. ஆக, உங்கள் தம்பிக்குத் தொகையின் மேல் உரிமை இல்லாவிட்டாலும் அதைப் பற்றி நீதிபதி யோசித்துக் காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு.

அப்படியானால் ஏன் பலருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை? தீர்ப்பு நாளில் நடப்பதைச் சொல்கிறேன், புரியும். நடுவர் குற்றவாளி என்று தீர்மானித்ததும், கூண்டில் நிற்பவரைப் பார்த்துத் தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, வயதான தாயார், படிக்கிற பிள்ளைகள், தான்தான் சம்பாதிக்கிறவன், குறைந்தபட்சத் தண்டனை கொடுங்கள் என்பார். அது அப்படியே பதிவாகும். அடிபட்டவர் அந்த அறையிலேயே இருக்க மாட்டார். பல மாதங்களுக்கு முன் சாட்சி சொல்லிவிட்டு, "இனி நீங்கள் வர வேண்டியதில்லை" என்ற பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போனவர் அவர். இன்று தீர்ப்பு என்ற தகவலே அவருக்குப் போயிருக்காது. எவ்வளவு செலவானது, கை இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை, கோப்பில் ஒரு காகிதமும் இல்லை. நடுவர் ஒரு சின்ன அபராதம் போட்டு, அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லி முடித்துவிடுவார். அல்லது அதுவும் இருக்காது. நடுவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதால் இப்படி ஆவதில்லை. தொகையைத் தீர்மானிக்க அவர்கள் முன் எந்த ஆதாரமும் வைக்கப்படுவதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே ஆற்றாமை உண்டு, ஏனென்றால் இது முன்கூட்டியே சரிசெய்யக்கூடிய குறை.

சரிசெய்ய வேண்டிய நேரம் உங்களுக்கு இப்போது இருக்கிறது. இழப்பீட்டைத் தீர்ப்பு நாளில் கேட்கலாம், ஆனால் அதற்கான ஆதாரம் சாட்சி விசாரணையின்போதே கோப்புக்குள் போயிருக்க வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். புலன் விசாரணை அதிகாரி வழக்கமாக வாங்குவது ஏ.ஆர். காப்பியும் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) காயச் சான்றும்தான். குற்றத்தை நிரூபிக்க அவை போதும் என்பதால் அதோடு நிறுத்திவிடுவார். தனியார் மருத்துவமனை பில், மருந்துக்கடை ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே எல்லாம் உங்கள் வீட்டு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் பையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் வேலையாகக் குற்றப்பத்திரிகை நகலை வாங்கிப் பாருங்கள். புதிய சட்டத்தின் 230-வது பிரிவுப்படி, வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அந்த நகல்களை இலவசமாகத் தர வேண்டும். அதன் கடைசியில் இருக்கும் ஆவணப் பட்டியலில் பில்கள் இல்லையென்றால், அவற்றை எடுத்துக்கொண்டு அரசு உதவி வழக்கு நடத்துநரை, அதாவது கோர்ட்டில் எல்லோரும் ஏ.பி.பி. என்று சொல்பவரை, நேரில் பாருங்கள். காவல் நிலையம் மூலம் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்வதா, நீதிமன்றத்தில் மனுப் போட்டுச் சேர்ப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

உங்கள் தம்பி சாட்சிக் கூண்டில் ஏறும்போது முதல் விசாரணையிலேயே, அதாவது அரசுத் தரப்பு அவரைக் கேள்வி கேட்கும்போதே, இரண்டு மூன்று வாக்கியம் சேர்ந்து வர வேண்டும்: எந்த மருத்துவமனையில் எத்தனை நாள் இருந்தேன், எவ்வளவு செலவானது, எத்தனை மாதம் வேலைக்குப் போகவில்லை, இப்போது கரண்டியையோ மட்டப் பலகையையோ பிடிக்கும்போது கை எப்படி இருக்கிறது. பில்களை அப்போதே அரசுத் தரப்பு ஆவணமாகக் குறியீடு செய்யக் கேட்க வேண்டும். எதிர்தரப்பு வக்கீல் ஆட்சேபிப்பார், பில் போட்டவர் வந்து சொல்லட்டும் என்பார். ஆட்சேபணைக்கு உட்பட்டுக் குறியீடு செய்வது வழக்கம்தான். சிகிச்சை அளித்த மருத்துவர் எப்படியும் சாட்சியாக வருவார். பிளேட் வைத்தது, மணிக்கட்டு முழுதாக மடங்குமா, அந்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுமா என்று அவர் வாயால் பதிவாகிவிட்டால் பில்லுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

வருமான இழப்பைக் காட்டுவதுதான் கொத்தனார் மாதிரியான வேலையில் கஷ்டம். சம்பளச் சீட்டு கிடையாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருந்தால் அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதற்கு அதுவே நல்ல சான்று. வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரி வந்து நாள் கூலி எவ்வளவு என்று சொன்னால் இன்னும் பலம். இங்கே ஒரு எச்சரிக்கை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ வேறு இன்சூரன்ஸிலோ ஒரு பகுதி கிடைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால், போவது அந்தத் தொகை மட்டுமில்லை, அடி வாங்கியதைப் பற்றி அவர் சொன்ன உண்மைக்கும் சேர்ந்து பங்கம் வரும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆரம்பத்திலேயே "எனக்கு ஐந்து லட்சம் வேண்டும்" என்று மனுப் போட்டால், எதிர்தரப்புக்கு ஒரு வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். பணம் பறிப்பதற்காகவே பொய்ப் புகார் கொடுத்தார்கள் என்பது குறுக்கு விசாரணையில் தவறாமல் வரும் கேள்வி. அதனால் என் கருத்து இது: சாட்சியத்தில் செலவையும் இழப்பையும் மட்டும் உள்ளபடி சொல்ல வேண்டும், வேண்டும் என்கிற தொகையைச் சொல்லத் தேவையில்லை. சாட்சியம் முடிந்த பிறகு, 338-வது பிரிவுப்படி, நீதிமன்ற அனுமதியோடு உங்கள் வக்கீல் எழுத்து வாதம் தாக்கல் செய்யலாம். இழப்பீட்டுக் கணக்கை, எந்த ஆவணத்தில் எவ்வளவு என்று வரிசையாக எழுதி, அங்கே வையுங்கள். இதற்குத் தனிப் படிவம் ஒன்றும் கிடையாது. நீங்கள் கேட்ட "மனு" நடைமுறையில் இதுதான். சில வக்கீல்கள் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது என்பார்கள். அதில் தவறில்லை, ஆனால் என் அனுபவத்தில் பொறுத்துக் கேட்பதே சாட்சியத்தைக் காப்பாற்றுகிறது.

தொகை எவ்வளவு வரும் என்பதில் சட்ட நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பணம் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 395-வது பிரிவில் இரண்டு கதவுகள். அபராதம் விதித்தால், அந்த அபராதத்திலிருந்து இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். அது முதல் உட்பிரிவு. அபராதம் தண்டனையின் பகுதியாக இல்லாவிட்டால், தனியாக ஒரு தொகையை இழப்பீடாகக் கட்டச் சொல்லலாம். அது மூன்றாவது உட்பிரிவு. முதல் வழியில் தொகை அபராதத்தைத் தாண்ட முடியாது, முதல் வகுப்பு நடுவர் விதிக்கக்கூடிய அபராதத்துக்கு இப்போதைய உச்சவரம்பு 50,000 ரூபாய். பழைய சட்டத்தில் அது 10,000-தான். மூன்றாவது உட்பிரிவில் உச்சவரம்பே கிடையாது, நியாயமான தொகையாக இருந்தால் போதும். ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்துவிட்டாலும் மூன்றாவது உட்பிரிவின் கதவு சாத்திக்கொள்ளும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள நிலைப்பாடு. ஆகவே எழுத்து வாதத்தில், அபராதத்துக்குப் பதிலாக 395(3)-ன் கீழ் இழப்பீடு விதியுங்கள், அப்படி முடியாது என்று கருதினால் அபராதத்தை உயர்த்தி அதை முழுவதும் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுங்கள் என்று மாற்றுக் கோரிக்கையாக வைக்க வேண்டும். கொடுங்காயத்துக்கான பிரிவில் "அபராதத்துக்கும் உள்ளாவார்" என்ற வாசகம் இருக்கிறது. அது இருந்தால் அபராதம் விதித்தே ஆக வேண்டுமா என்பதில் வக்கீல்களிடையேயும் தீர்ப்புகளிலும் கருத்து வேறுபாடு உண்டு. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன்.

நீதிபதி இன்னொன்றையும் பார்ப்பார்: கொடுக்க வேண்டியவரிடம் கொடுக்க வக்கு இருக்கிறதா என்று. இதில் உங்கள் நிலை பரவாயில்லை, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நிலம் வைத்திருப்பவர். அவர் பெயரிலுள்ள பட்டா, சிட்டா விவரத்தை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். தில்லி உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020-ல், குற்றவாளி தன் சொத்து, வருமானம் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், பாதிக்கப்பட்டவரின் இழப்பைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்று ஒரு முறையை வகுத்தது. அது தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அங்குஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமே, தேவைப்பட்டால் கொடுக்கும் சக்தி பற்றிச் சுருக்க விசாரணை நடத்தலாம் என்று சொல்லியிருப்பதால், இந்தக் காகிதங்களை ஏற்றுக்கொள்ள நடுவருக்குத் தடை இல்லை.

உத்தரவு வந்தபின் பணம் வருமா? உடனே வராது என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை, மேல்முறையீடு போட்டிருந்தால் அது முடியும்வரை, பட்டுவாடா நிற்கும். அப்புறமும் கட்டாவிட்டால், இழப்பீட்டை அபராதம் மாதிரியே வசூலிக்கலாம். அசையும் பொருளை ஜப்தி செய்யலாம், வருவாய் பாக்கியாக வசூலிக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு வாரண்ட் அனுப்பலாம். கட்டத் தவறினால் இத்தனை மாதம் சிறை என்றும் உத்தரவில் சேர்க்கலாம். நடைமுறையில் பணத்தை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான், அதனால் அதையும் எழுத்து வாதத்தில் கேளுங்கள். சிறைக்குப் போய்விட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்று எதிரிகள் நினைப்பதுண்டு. அது தவறு. 2017-ல் கேரள வழக்கு ஒன்றில், கட்டாததற்கான சிறையை அனுபவித்த பிறகும் இழப்பீட்டை வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதே மாதிரி, பணம் கட்டிவிட்டேன், ஜெயில் வேண்டாம் என்பதும் செல்லாது. இழப்பீடு தண்டனைக்கு மாற்று இல்லை என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

முதல் தடவை குற்றம் செய்தவர் என்று நன்னடத்தைப் பிணையில் விட்டுவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்துவையுங்கள். இந்த மாதிரி வழக்கில் அது நடக்கக்கூடியதுதான். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தில் 5-வது பிரிவு இருக்கிறது. சிறைக்கு அனுப்பாமல் விடும்போதும் இழப்பீடும் வழக்குச் செலவும் கட்டச் சொல்லலாம் என்கிறது அது. அந்தப் பிரிவை யாரும் ஞாபகப்படுத்துவதே இல்லை. நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

கொடுத்த தொகை போதாது என்றால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். 2009 டிசம்பர் 31 முதல் இந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது, இப்போது 413-வது பிரிவு. விடுதலைத் தீர்ப்பு, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்றுக்கும் போகலாம். சிறைத் தண்டனை போதவில்லை என்பதற்காக மட்டும் போக முடியாது. உங்கள் வழக்கில் அமர்வு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், முப்பது நாளுக்குள் போட்டுவிடுவதுதான் பத்திரம். எதிரி மேல்முறையீடு செய்தாலும், அந்த நீதிமன்றமே இழப்பீட்டு உத்தரவு போடலாம்.

விடுதலையாகிவிட்டால் 395 பயன்படாது. அங்கே அரசு நிதி வருகிறது. 396-வது பிரிவுப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் இழப்பீட்டுத் திட்டம் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் 2013 முதல் இருக்கிறது. எதிரி விடுதலையானாலும், அல்லது அவர் கட்டும் தொகை போதாவிட்டாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும். குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கில் பாதிக்கப்பட்டவர் நேரடியாகவே ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் சட்டத்தில் உறுதியாக இருப்பவை. ஆனால் உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க மனமில்லை. உயிரிழப்பு, பாலியல் வன்முறை, அமில வீச்சு, நிரந்தர ஊனம் என்ற வகைகளுக்கே இந்த நிதி முக்கியமாகப் போகிறது. கூடிவந்துவிட்ட எலும்பு முறிவுக்குப் பரிந்துரை கிடைப்பது அரிது என்பது என் மதிப்பீடு. மணிக்கட்டில் நிரந்தரக் குறைபாடு இருந்தால் கதை வேறு. அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடம் ஊனச் சான்று வாங்கிவையுங்கள், 395-க்கும் அது உதவும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வழக்கும் இதே பாதையில் போவதில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் தீர்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம், உத்தரவு கிடைத்த 30 நாளில் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது 2020 விதிகள். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்கில் நிவாரணம் அரசின் கடமை, குற்றவாளியின் பையைப் பொறுத்தது இல்லை. 2016-ல் திருத்திய மத்திய விதிகளின்படி கொலை வழக்கில் 8,25,000 ரூபாய், அதில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் தர வேண்டும். பணமில்லாமல் செக் திரும்பிய வழக்குக்குச் செக் தொகையில் 20 சதவீதம்வரை இடைக்கால இழப்பீடு என்று தனி விதி. சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம்தான் இடம். ஜாமீன் நேரத்திலேயே எதிரியிடம் நஷ்டஈடு வாங்கித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். குஜராத் வழக்கு ஒன்றில் 2021-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஜாமீன் நிபந்தனையை ரத்து செய்தது, அதை நம்பி இருக்க வேண்டாம்.

சிவில் வழக்குப் பற்றி உங்கள் வக்கீல் சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். குற்ற வழக்கில் இழப்பீடு கிடைத்தாலும் சிவில் வழக்குப் போடத் தடை இல்லை. கிடைத்த தொகையைச் சிவில் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது கெடு. உடற்காயத்துக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். உங்கள் விஷயத்தில் அது 2027 அக்டோபரில் முடியும். குற்ற வழக்கு அதற்குள் முடிந்துவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. அதன் முடிவு தெரியட்டும் என்று காத்திருந்து சிவில் கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் நிறையப் பேர். நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று. மூன்று லட்சம் கேட்டால் 9,000 ரூபாய். அதுவும் முடியாவிட்டால், வசதியற்றவராக வழக்காட அனுமதி கேட்கலாம், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலும் கேட்கலாம். 2027 தொடக்கத்தில் குற்ற வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, முடியும் தறுவாயில் இல்லையென்றால் சிவிலையும் போட்டுவிடுங்கள் என்பது என் யோசனை.

கடைசியாக ராஜி, அதாவது சமரசம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சாட்சி விசாரணை நெருங்க நெருங்க ஊர்ப் பெரியவர்கள் வழியாக அது கண்டிப்பாக உங்கள் வாசலுக்கு வரும். வந்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை, சில சமயம் நீதிமன்றம் கொடுப்பதைவிட அதிகம் அதில் கிடைக்கும். ஆனால் "இந்தா பணம், கோர்ட்டில் போய் யார் அடித்தது என்று தெரியவில்லை என்று சொல்லிவிடு" என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் தம்பி இணங்கக் கூடாது. சத்தியம் செய்து பொய் சொன்ன குற்றம் அவர் தலையில் விழும். எதிரி விடுதலையாகிவிட்டால் மீதிப் பணத்தைக் கேட்கவும் வழி இருக்காது. முறையான வழி இருக்கிறது. குற்றப்பத்திரிகையில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் கொடுங்காயத்துக்கான 117(2)-வது பிரிவு என்றால் நீதிமன்ற அனுமதியோடு அடிபட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வைத்து முடித்தால், தவணையாகக் கட்டுவதாக ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டத் தவறும்போது அந்த ஆணையைச் சிவில் தீர்ப்பாணை மாதிரியே நிறைவேற்றலாம். முழுத் தொகை என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் வங்கிக் கணக்கில் வந்திருக்க வேண்டும். சமரசம் ஏற்கப்பட்டால் எதிரி விடுதலையானதாகவே சட்டம் கொள்ளும், அதற்குப்பின் 395 பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே தொகையில் பிளேட் எடுக்கும் ஆபரேஷன் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மண்வெட்டிக் காம்பை ஆபத்தான ஆயுதமாகக் கருதி 118(2) போட்டிருந்தால் இந்த ராஜி வழி நடுவர் நீதிமன்றத்தில் கிடையாது, உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டிவரும். குற்றப்பத்திரிகையை நான் பார்க்கவில்லை. நகல் கையில் கிடைத்ததும் அதில் என்ன பிரிவு, பில்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்ற இரண்டையும் இங்கே எழுதுங்கள். பெயர், ஊர் எதுவும் வேண்டாம்.